மேயர் பெயர் மேல் ஒரு கோடு

அரசியல்வாதிகள் எல்லாரும் அழுகல் என்று மரீஸ் கோந்துரே சொல்வாள். மொன்வியே ஊரில் அப்படிச் சொல்லாதவர் யாரும் இல்லை. பாரிஸில் இருப்பவன் அழுகல், பாரிஸுக்குப் போக ஆசைப்படுகிறவன் அழுகல், தொலைக்காட்சியில் டை கட்டிக்கொண்டு டீசல் வரியைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் முழு அழுகல். ஆனால் தேர்தல் ஞாயிறு வந்துவிட்டால் போதும், இடுப்புப் பிடித்துக் கிடப்பவர்கூடச் சவரம் செய்துகொண்டு கிளம்பிவிடுவார். போடுகிற வாக்கில் நம்பிக்கை கிடையாது. போடாமல் இருந்தால் தூக்கம் வராது.

அதிலும் மேயர் தேர்தல் என்றால் தனி ருசி. பெரிய ஊர்களில் ஒரு பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மொன்வியே மாதிரிச் சின்ன ஊரில் அந்தக் கட்டாயம் இல்லை. பதினோரு பெயர் அச்சடித்த தாள் வீட்டுத் தபால்பெட்டிக்கே வந்துவிடும். பிடிக்காதவன் பெயரின் மேல் ஒரு கோடு கிழித்து, தாளை உறையில் போட்டுப் பெட்டியில் சேர்த்தால் வேலை முடிந்தது. எண்ணும்போது ஆளுக்கு ஆள் தனித்தனியாக எண்ணுவார்கள். செல்லும் தாள்களில் பாதிக்கு மேல் ஒருவன் பெயர் இருந்தால் அவன் தேறினான். இல்லாவிட்டால் ஊர் முன்னால் மூக்கறுபட்டு, அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்து நிற்க வேண்டும். எதிரில் நிற்க ஆளே இல்லாத தேர்தலிலும் ஒருவனைக் கவிழ்க்க முடியும் என்றால் அது இந்தக் கோட்டால்தான்.

லூசியன் வோத்தியேவின் பெயர் மேல் அந்தக் கோட்டைக் கிழிக்க மரீஸ் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தாள்.

லூசியன் மூன்று முறையாக மேயராக இருப்பவர். பருத்த உடம்பு, பால்பண்ணைச் சொத்து, எல்லாருக்கும் தோளில் ஒரு தட்டு. டீசல் வரியை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் நாடு முழுக்க ரவுண்டானாக்களில் உட்கார்ந்த அந்தக் குளிர்காலத்தில், மொன்வியேக்காரர்களும் நெடுஞ்சாலை ரவுண்டானாவில் மரப்பலகைகளை அடித்து ஒரு குடிசை போட்டார்கள். லூசியன் முதல் வாரமே ஒரு பெட்டி வைனும் அவர் மனைவி சுட்ட ஆப்பிள் கேக்குமாக வந்து நின்றார். நெருப்பில் கை காய்ச்சினார். நானும் உங்களில் ஒருவன்தான், எனக்கும் டீசல் தண்ணி மாதிரி வருவதில்லை என்றார். மரீஸ்தான் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

பனி விழுந்த ஓர் இரவில் சாலையோரத்து வேகக் கேமரா எரிந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போய் வருகிறவனிடம் நிமிடத்துக்கு நிமிடம் அபராதம் பிடுங்கிய கேமரா அது. எரிந்ததற்கு ஊரில் யாரும் அழவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் போலீஸ் வந்து மரீஸின் மகன் லுதோவிக்கை மட்டும் அழைத்துப் போனது. காரில் அந்த வழியாகத் திரும்பிய லூசியன், நெருப்பு வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருந்தார். நீதிமன்றத்துக்கும் வந்து அதையே சொன்னார். கூட யார் என்று நீதிபதி கேட்டதற்கு, யாருமில்லை, நான் தனியாகத்தான் செய்தேன் என்றான் லுதோவிக். ஆறு மாதம் சிறை கிடைத்தது.

அவன் உள்ளே இருக்கும்போதே கிடங்கு வேலை போனது. அவனோடு வாழ்ந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான்சி நகரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வெளியே வந்தவன் மரீஸின் வீட்டு மாடியறையில் ஏறிப் படுத்தவன்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தின்பான், தட்டைக் கழுவிவைத்துவிட்டு ஏறிப்போவான். அதே வருஷம் ஊர்க் கூடத்துக்குப் புதுக் கூரை போட மாவட்டக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து மானியம் வந்தது. கூரைக்கு மேலே எத்தனை ஓடு என்று மரீஸ் எண்ணிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஓடும் தன் மகனை விற்று வாங்கியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

தேர்தல் நெருங்கியபோது லூசியன் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். ரவுண்டானாவில் கத்தியவர்களையே கூப்பிட்டு, வெளியே நின்று கத்தியது போதும், உள்ளே வந்து உட்காருங்கள் என்று தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். வார்ப்புத் தொழிற்சாலையில் தொழிற்சங்கம் நடத்தி ஓய்வுபெற்ற ரெமோன் ழான்ருவா, முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் கரீன், மாட்டுப்பண்ணைக்காரன் புரூனோ என்று ஆறு பேர் குடிசையிலிருந்து நேராகப் பட்டியலுக்குக் குடிவந்தார்கள். எதிர்ப்பட்டியல் போட ஆளில்லை. முதல் ஞாயிறே ஊர் தன்னை ஏற்காவிட்டால் மேயர் அணியும் மூவர்ணப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று புத்தாண்டுக் கூட்டத்தில் லூசியன் மார்தட்டினார். கேட்டுக்கொண்டிருந்த மரீஸ் வாயிலிருந்த கேக்கை மெதுவாக மென்று விழுங்கினாள். வழி கிடைத்துவிட்டது.

மறுநாளே ரெமோன் அவளைத் தேடி வந்தான். பட்டியலில் இரண்டாவது பெயர் அவனுடையது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் அந்த ஆளோடு சேர்ந்ததே உள்ளே போய்க் கவிழ்க்கத்தான் என்றான். லுதோவிக்குக்கு நடந்ததை நினைத்தால் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றும் சொன்னான். அவனுக்குச் சோறு நன்றாகவே இறங்குகிறது என்பது தொப்பையைப் பார்த்தாலே தெரியும். மரீஸ் அதைக் கவனிக்கவில்லை. முதல்முறையாக ஒருவன் தன் மகனுக்காகக் கண் கலங்குகிறான் என்பது மட்டுமே அவளுக்குப் பட்டது.

அன்றிலிருந்து வேலை தொடங்கியது. மரீஸின் தொழில் முதியவர்கள் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டுவது, சூப் வைப்பது, காலுறை மாட்டிவிடுவது. ஒரு ஊரின் அடுப்படி முழுவதும் அவளுக்குத் திறந்திருந்தது. காலுறையை இழுத்துவிடும்போதே பேச்சை எடுப்பாள். பிரசவ ஆஸ்பத்திரி மூடிய கதை, தபால் நிலையம் போன கதை, ரொட்டிக்கடை இருந்த இடத்தில் ரொட்டி துப்பும் இயந்திரம் வந்த கதை எல்லாவற்றையும் கொண்டுபோய் லூசியன் தலையில் கட்டுவாள். அவற்றில் பாதி பாரிஸ் செய்த வேலை என்று அவளுக்கே தெரியும். பாரிஸுக்குக் கை எட்டவில்லை. லூசியன் பக்கத்துத் தெருவில் இருந்தார்.

ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும் முன் ஒரே எச்சரிக்கையைச் சொல்வாள். கோடு மட்டும் போடுங்கள். ஒரு சொல்லும் எழுதக் கூடாது. திட்டு எழுதினால் தாள் செல்லாது, குப்பைக்குப் போய்விடும், அந்த ஆள் தப்பித்துக்கொள்வான். எல்லாரும் தலையாட்டினார்கள். தொண்ணூறைத் தாண்டிய துவெனோ பாட்டி மட்டும், ஒரே ஒரு சொல்கூடவா கூடாது என்று ஏக்கத்தோடு கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுகூடக் கூடாதும்மா. மனசுக்குள்ள திட்டிக்குங்க."

"மனசுக்குள்ள எழுபத்தஞ்சு வருசமாத் திட்டிக்கிட்டுத்தாண்டி இருக்கேன்" என்றாள் பாட்டி.

தேர்தல் ஞாயிறு காலையில் லுதோவிக் தானாகவே இறங்கி வந்தான். சவரம் செய்திருந்தான். ஏதோ புதுக் காய்ச்சல் பரவுகிறது, கை குலுக்கக் கூடாது, பேனாவைக்கூட வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்பு வந்திருந்தது. அவன் பரணில் தேடித் தன் பழைய தச்சுப் பென்சிலை எடுத்தான், தட்டையான சிவப்புப் பென்சில். அடுப்படி மேசையில் உட்கார்ந்து, கையால் தாளை மறைத்துக்கொண்டு, அழுத்தி அழுத்திக் கோடு போட்டான். ஒரு கோடு, இன்னொரு கோடு, மறுபடியும் ஒன்று. ஒரே பெயரை இத்தனை முறை அடிக்கிறானே, எத்தனை ஆத்திரம் இருக்கும் என்று மரீஸ் பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. மகன் பிழைத்துவிட்டான், இன்று சாயங்காலம் அவன் பழி தீர்ந்துவிட்டால் நாளை வேலை தேடப் போவான், குழந்தையைப் பார்க்க நான்சிக்குப் போவான் என்று அவள் மனம் ஓடியது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து நீள மேசையில் கொட்டினார்கள். வாக்குச்சாவடிக்குத் தலைவர் மேயர்தான், அதுதான் சட்டம். எனவே தன் தலை உருள்வதைத் தானே நின்று மேற்பார்வை பார்க்க வேண்டிய நிலைமை லூசியனுக்கு. எண்ணுவதற்கு ஊர்க்காரர்களே உட்காருவார்கள். மரீஸ் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தாள். கரீன் உறையைப் பிரித்துத் தாளை நீட்ட வேண்டும், மரீஸ் உரக்கப் படிக்க வேண்டும், இருவர் கோடு போட்டுக் கணக்கு வைக்க வேண்டும். ஊர் பாதி சுவரோரம் நின்று பார்த்தது. லுதோவிக் கதவருகே சாய்ந்து நின்றான்.

முதல் தாளிலேயே மேயர் பெயர் அடிபட்டிருந்தது. மரீஸ் உடனே படிக்கவில்லை. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தாள். எல்லாருக்கும் அந்த மௌனம் கேட்டது. அதன் பிறகு, "ரெமோன் ழான்ருவா" என்று தொடங்கிப் பத்துப் பெயர்களையும் படித்தாள். இரண்டாவது தாளிலும் அப்படியே. மூன்றாவதில் லூசியன் பெயர் இருந்தது, அதைப் பல் துலக்குகிற மாதிரி அவசரமாகப் படித்துத் தள்ளினாள். நான்காவதில் மறுபடி மௌனம். லூசியனின் கழுத்து சிவந்துகொண்டே போனது. ஓராண்டாகத் தூக்கமில்லாமல் கிடந்த இரவுகளுக்கெல்லாம் அந்தக் கழுத்தைப் பார்த்து அவள் வட்டி வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் வந்தது வினை. ஒரு தாளில் கோடு மட்டும் இல்லை, பக்கத்தில் "கூரைத் திருடன்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கூட்டம் சிரித்தது. மரீஸுக்குச் சிரிப்பு வரவில்லை. தாள் செல்லாது. செல்லாத தாளில் தலைவர் கையெழுத்துப் போட்டு, மற்ற காகிதங்களோடு இணைத்துக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். லூசியன் தன்னைக் கூரைத் திருடன் என்று சொன்ன தாளில் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

சிறிது நேரத்தில் இன்னொன்று. "கலெக்டர் மடியில் போய் உட்கார்." பின்னால் இன்னொன்று, வெறும் பன்றிப் படம், வாலெல்லாம் அழகாகச் சுருட்டி வரைந்திருந்தார்கள். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதா என்று மரீஸ் உள்ளுக்குள் கொதித்தாள். ஒவ்வொரு வசவும் அந்த ஆளுக்கு ஓர் உயிர். ஆனால் ஒவ்வொரு உயிருக்கும் அவர் கையெழுத்துப் போட்டு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

பிறகு நடுங்கும் எழுத்தில் ஒரு தாள் வந்தது. "போர்க்காலத்தில் ஜெர்மன்காரனிடம் காட்டிக்கொடுத்தவன் உன் அப்பன், இன்று போலீஸிடம் நீ." துவெனோ பாட்டி என்று மரீஸுக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. லூசியன் அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டபோது அது அவருடைய கையெழுத்து மாதிரியே இல்லை.

அதற்குச் சற்றுப் பின் ஓர் உறையைப் பிரித்த கரீன் கையை நீட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மரீஸ் தாளை இழுத்து வாங்கினாள். தட்டையான சிவப்புக் கோடுகள். பத்துக் கோடுகள். ரெமோன் மேல் ஒன்று, கரீன் மேல் ஒன்று, புரூனோ மேல் ஒன்று, காகிதம் கிழியும் அளவுக்கு. முதல் பெயர் மட்டும் சுத்தமாக, தொடாமல், அச்சடித்தபடியே நின்றது.

அவள் ஒரு கணம் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று நினைத்தாள். கதவருகே பார்த்தாள். லுதோவிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், முகத்தில் ஒன்றும் இல்லை. தாளைக் கசக்கி வாயில் போட்டு விழுங்கிவிடலாம் போல இருந்தது அவளுக்கு. எதிரே இருவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"லூசியன் வோத்தியே" என்று படித்தாள். "வேற யாரும் இல்ல."

பின்னால் வந்த தாள்களை அவள் வாய் படித்தது. கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்கள். வசவு எழுதிய ஒன்பது தாள்கள் தள்ளுபடி. செல்லும் தாள்கள் நூற்றியொன்று, தேறுவதற்கு வேண்டியது ஐம்பத்தொன்று. பத்துப் பேர் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். லூசியன் வோத்தியே, ஐம்பத்தொன்று. முடிவை லூசியனே நின்று அறிவித்தார், தன் எண்ணை மட்டும் மற்றவற்றைவிடச் சற்று மெதுவாகப் படித்தார். யாரும் கை தட்டவில்லை. அவர் மனைவி மூலையில் கண்ணாடிக் குவளைகளில் வைன் ஊற்றத் தொடங்கினாள்.

மரீஸ் எழுந்து கதவுக்குப் போய் மகனின் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரே ஒரு வாக்கு. அவன் அடித்திருந்தால் போதும், அந்த ஆள் ஐம்பதோடு கவிழ்ந்திருப்பான். ஏண்டா என்று மட்டும் கேட்டாள்.

"அந்தாளு கோர்ட்டுக்கு வந்தாரும்மா" என்றான் லுதோவிக். "என் மூஞ்சிக்கு நேரா நின்னு, பாத்தேன்னு சொன்னாரு. பாத்தது நெசம். குடிசைலேருந்து பட்டியலுக்குப் போன இந்த ஆறு பேரும் அன்னிக்கு எங்கூடத்தான் நின்னாங்க. பெட்ரோல் டின்னத் தூக்கிட்டு வந்ததே ரெமோன்தான். கார் வெளிச்சம் வந்ததும் பள்ளத்துல குதிச்சிட்டாங்க."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லல. சொல்லமாட்டேன்னு குடிசைல பேசி வெச்சிருந்தோம். ஆறு மாசம், ஒருத்தன் வந்து பாக்கல. ஒரு கடுதாசி இல்ல. வெளில வந்தா எல்லாரும் அந்தாள் பட்டியல்லயே நிக்கிறாங்க. அவங்களோட நிக்கிற மிச்ச நாலு பேரையும் சேத்தே அடிச்சேன். நீ அவங்களுக்கு வீடு வீடாப் போய் ஓட்டுக் கேட்டுக்கிட்டு இருக்க."

காலுறை மாட்டிவிட்ட ஒவ்வொரு வீடும் மரீஸின் கண் முன்னால் வந்தது. ரெமோனை மேயர் நாற்காலிக்குத் தூக்கி வைப்பதற்காக அவள் அத்தனை கிழவர்களின் காலடியில் முட்டி போட்டிருக்கிறாள். தனக்குச் சோறு இறங்கவில்லை என்று அவன் சொன்னது நினைவு வந்தது.

"உள்ள போய் ஒண்ணும் சொல்லிடாதம்மா" என்றான் லுதோவிக். "என் கோட்ட நான் போட்டுட்டேன். எனக்கு அது போதும். நாளைக்கு நான்சிக்குப் போலாம்னு இருக்கேன். நீயும் வா."

அவள் சரி என்று தலையாட்டினாள். ஆட்டியபோது உண்மையாகத்தான் ஆட்டினாள். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள்.

மேல்கோட்டு நாற்காலிமேல் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தவளின் தோளில் ஒரு கை விழுந்தது. ரெமோன். ஒரு கையில் குவளை வைத்திருந்தான், இன்னொன்றை அவளுக்கு நீட்டினான். ஒரு ஓட்டில் தப்பிவிட்டான், பரவாயில்லை, மேயரைத் தேர்ந்தெடுப்பது நாங்கள் பதினோரு பேர்தான், அடுத்த வாரம் உள்ளே வைத்து முடித்துவிடுகிறேன் என்று அவள் காதருகே சொன்னான். எல்லாம் லுதோவிக்குக்காகத்தான் என்று சேர்த்துக்கொண்டான்.

மரீஸ் குவளையை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"டின்ன எந்தக் கையில தூக்கிட்டு வந்த, ரெமோன்?"

"எந்த டின்னு?"

"பெட்ரோல் டின்னு. வலது கையா, இடது கையா? இப்ப என் தோள்ல வெச்சிருக்கியே, இதா?"

ரெமோன் கையை எடுத்துக்கொண்டான். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கரீன் கைப்பையைத் தேடினாள், புரூனோ சுவரில் மாட்டியிருந்த ஜனாதிபதி படத்தை வாழ்நாளில் முதல்முறையாகக் கவனமாகப் பார்த்தான். இவளுக்கு மகன் கவலையில் தலை குழம்பிவிட்டது என்று ரெமோன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

அவள் நேராக லூசியனிடம் போனாள். அவர் இன்னும் மேசைத் தலைப்பில், கையெழுத்துப் போட்ட வசவுத் தாள்களை ஊசி குத்திக் கட்டிக்கொண்டிருந்தார். அவரை வெறுப்பது அவளுக்கு இப்போதும் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அந்த அறையில் அவள் பேச்சைக் கேட்டுச் சட்டப்படி எழுதிக்கொள்ளக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"மேயரய்யா, பேர் குடுக்கிறதுல நீங்க கெட்டிக்காரர். அன்னிக்கு ஒரு பேர் குடுத்தீங்க. மிச்ச ஆறு பேர் நான் தரேன்."

சொன்னாள். கூட்டத்துக்குக் கேட்கும்படி, இரண்டு மணி நேரமாகப் படித்துப் பழகிய அதே குரலில், ரெமோன் ழான்ருவா என்று தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் முகம் வெளுத்தது. அது அவளுக்கு வைனைவிட இனித்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

லூசியன் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வெற்றி பெற்றவர் முகமாக அது இல்லை.

"பாத்தீங்களா மரீஸ்" என்றார் தாழ்ந்த குரலில். "ஆரம்பிச்சா எவ்ளோ சுலபமா வருதுன்னு."

லூசியன் கட்டிய தாள்களை ஓரமாகத் தள்ளினார்.

"வாயால சொன்னா போலீஸ் எடுத்துக்காது. எழுத்துல குடுக்கணும். உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னும் எழுதணும். பையனக் கூப்புட்டு விசாரிப்பாங்க, கோர்ட்டுல அவன் தனியாத்தான் செஞ்சேன்னு சொன்னது பொய்யின்னு ஆகும். யோசிச்சுக்குங்க."

மரீஸ் திரும்பிப் பார்த்தாள். கதவருகே லுதோவிக் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, கேட்டிருக்கிறான் என்பது தெரிந்தது. கெஞ்சுகிற முகம் இல்லை அது. வேண்டாம் என்று ஒருமுறை தலையசைத்தான், ஒரே ஒருமுறை. அவனுக்குப் பக்கத்தில் ரெமோன் நின்றுகொண்டிருந்தான். அவன் உதட்டு ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது. இவள் எழுதமாட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"எழுதிக் குடுக்கிறேன்" என்றாள் மரீஸ். "தாள் குடுங்க."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். லூசியன் தன் பேனாவை நீட்டினார். வெளியே படிக்கட்டில் யாரோ இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. யார் என்று பார்க்க அவள் தலையைத் தூக்கவில்லை. ரெமோனின் பெயரிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.